லவுடன் கவுன்ட்டியில் புதிதாக வீடு வாங்கியவர், மேற்கே வரும் வீடுகளை எதிர்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக: "வர்ஜீனியாவின் லவுடன் கவுன்ட்டியில் ஆல்டி அருகே புது வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். எங்களுக்கு மேற்கே ஒரு பண்ணை நிலத்தில் வீட்டுமனைத் திட்டம் வருகிறது. அதை எதிர்த்துக் குடிமக்கள் குழு ஒன்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறது. எங்கள் வீடு இருக்கும் இடமும் முன்பு வயல்தானே? நாங்கள் வந்தாயிற்று, இனி யாரும் வராதீர்கள் என்று சொல்வது நியாயமா? தவிர, இந்தக் குழுக்களால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?"

அந்தக் குழுவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இங்கே வேண்டாம் என்கிறீர்கள், சரி. வேறு எங்கே வீடு கட்டட்டும் என்கிறீர்கள்?" அதற்கு ஒழுங்கான பதில் வைத்திருந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். பதில் இல்லையென்றால் பொறுங்கள். இரண்டாவது கேள்விக்கு, ஆம், நிறையவே நடக்கிறது. ஆனால் ஒரே கூட்டத்தில், ஒரே மனுவில் நடப்பதில்லை. லவுடனின் கதையே அதற்குச் சாட்சி.

1990 கணக்கெடுப்பில் இந்தக் கவுன்ட்டியின் மக்கள்தொகை சுமார் 86,000. 2000இல் 1.7 லட்சம், 2010இல் 3.12 லட்சம், 2020இல் 4.2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முப்பது வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்குப் பாதியில்தான் குடியேறினார்கள். ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் என்று நம்மவர்கள் நிறைந்திருக்கும் இடங்களெல்லாம் அந்தப் பக்கம்தான். லீஸ்பர்க் தாண்டி மேற்கே போனால் இன்றும் வைக்கோல் சுருட்டுகள் கிடக்கும் வயல், குதிரைப் பண்ணை, திராட்சைத் தோட்டம், மண்சாலை. ஒரே கவுன்ட்டிக்குள் இப்படி இரண்டு உலகம் இருப்பது தற்செயல் இல்லை.

இதற்குப் பெரிய காரணம் பாதாளச் சாக்கடை. 1962இல் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம் திறந்தபோது அதன் கழிவுநீரைக் கொண்டுபோக பொட்டோமேக் இன்டர்செப்டர் என்ற பெருங்குழாய் போட்டார்கள். குழாய் வந்த பிறகு கிழக்கு லவுடனில் சின்ன மனைகளில் நெருக்கி வீடு கட்ட வழி பிறந்தது. மேற்கில் அந்தக் குழாய் கிடையாது. சின்ன ஊர்களுக்கு வெளியே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி போர்வெல், தனி செப்டிக் டேங்க். மனைக்கு அனுமதி கேட்டால் முதலில் மண்ணைத்தான் சோதிப்பார்கள். குழி தோண்டி மண்ணை ஆராய்வார்கள், தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பார்கள். மேட்டில் நன்றாக வடியும். கொஞ்ச தூரம் தள்ளிப் பள்ளத்தில் களிமண்ணில் அப்படியே நிற்கும். வடியாத இடத்தில் சாதாரண செப்டிக் போட முடியாது. லக்கட்ஸ் பக்கம் இன்னொரு சிக்கல்: அடியில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் பொந்துகள். மேலே விடும் கழிவு மண்ணில் வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீரில் கலந்துவிடும். அந்த நீரைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் போர் போட்டுக் குடிக்கிறார். ஆகவே மேற்கில் இருப்பவர்கள் "இத்தனை வீடு தாங்காது" என்று சொல்லும்போது எல்லாவற்றையும் வீம்பு என்று தள்ளிவிட வேண்டாம். அதில் பாதி தண்ணீர்க் கணக்கு.

இன்னொரு கணக்கையும் இந்தக் கூட்டங்களில் அடிக்கடி கேட்பீர்கள். அமெரிக்கன் ஃபார்ம்லாண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு பல மாநிலங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தது. வீடுகளிலிருந்து வரும் ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர் அரசு 1.16 டாலர் செலவழிக்கிறது, விவசாய நிலத்துக்கும் காட்டுக்கும் 35 சென்ட்தான் செலவாகிறது என்பது அதன் நடுமதிப்பு. பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு என்று எல்லாம் வீட்டோடு சேர்ந்து வரும் செலவுகள். கணக்கு சரிதான். ஆனால் அதைச் சிலர் பயன்படுத்தும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் இருக்கும் குடும்பமே செலவு, அதனால் வரவிடாதே என்ற இடத்துக்குப் பேச்சு போய்விடுகிறது. பள்ளிக்கு இடமும் பணமும் ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கணக்கு உதவ வேண்டும்.

இனி நடந்த வரலாறு. 1990களில் மேற்கு லவுடனில் மூன்று ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்பது விதி. 300 ஏக்கர் பண்ணையை 100 மனையாக வெட்டலாம். கிழக்கில் வீடுகள் வந்த வேகத்தைப் பார்த்து மேற்கும் இப்படியே போய்விடும் என்று பயந்தவர்கள் 'வோட்டர்ஸ் டு ஸ்டாப் ஸ்ப்ரால்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். 1999 நவம்பர் தேர்தலில், கவுன்ட்டியை ஆளும் சூப்பர்வைசர்கள் குழுவின் ஒன்பது இடங்களில் எட்டை, வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவோம் என்று சொன்னவர்கள் பிடித்தார்கள். சாதாரண மக்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆரம்பித்த வேலை, கவுன்ட்டியின் ஆட்சியையே மாற்றியது.

அந்தச் சூப்பர்வைசர்கள் குழு 2003 ஜனவரியில் மேற்கின் ஸோனிங்கை, அதாவது எந்த நிலத்தில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற விதியை, மாற்றியது. மூன்று ஏக்கருக்கு ஒரு வீடு என்பது இடத்தைப் பொறுத்து பத்து, இருபது, ஐம்பது ஏக்கருக்கு ஒரு வீடு என்றானது. அதே 300 ஏக்கரில் இனி முப்பது, பதினைந்து அல்லது ஆறு வீடுதான். கிட்டத்தட்ட 200 வழக்குகள் பாய்ந்தன. அதே வருடம் நவம்பர் தேர்தலில் காற்று திசை மாறியது. கட்டுமானத்துக்கு ஆதரவான அணி பெரும்பான்மை பெற்றது. குழுத் தலைவராக இருந்த ஸ்காட் யார்க் சுயேச்சையாக நின்று பதவியைத் தக்கவைத்தார். 2004 ஜனவரியில் புதிய பெரும்பான்மை முதல் வேலையாக அவருடைய அதிகாரங்களைப் பறித்தது.

அதைவிடப் பெரிய அடி 2005 மார்ச்சில் விழுந்தது. வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் மேற்கு லவுடனின் 2003 ஸோனிங் மாற்றத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூன்று ஏக்கர் சரியா, ஐம்பது ஏக்கர் சரியா என்ற விவாதத்துக்கே நீதிமன்றம் போகவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பில், என்ன மாற்றம் செய்யப் போகிறோம் என்ற சுருக்கம் சட்டம் கேட்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை என்பதுதான் காரணம். வருடக்கணக்கான உழைப்பு, தேர்தல் வெற்றி, நூற்றுக்கணக்கானோர் பேசிய கூட்டங்கள் எல்லாம் ஒரு விளம்பரத்தின் வாசகத்தால் கவிழ்ந்தன. மூன்று ஏக்கர் விதி திரும்பி வந்தது. அது நீடிப்பதற்குள் மனை போட்டுவிட வேண்டும் என்று விண்ணப்பங்கள் வரிசை கட்டின.

இந்த இடத்தில் பெரும்பாலான ஊர்களில் குடிமக்கள் குழு கலைந்துபோகும். லவுடனில் கலையவில்லை. 1972 முதல் இயங்கும் சுற்றுச்சூழல் அமைப்பான பீட்மான்ட் என்விரான்மென்டல் கவுன்சிலும் உள்ளூர்க் குழுக்களும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இம்முறை நில உரிமையாளர்களுடனும் உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. 2006இன் கடைசியில் புது விதி வந்தது. மேற்கின் வடபகுதியில் பத்து ஏக்கருக்கு ஒரு வீடு, தென்பகுதியில் இருபது ஏக்கருக்கு ஒன்று. வீடுகளை ஒரு மூலையில் சேர்த்துக் கட்டி மிச்ச நிலத்தை விட்டுவைத்தால் முறையே ஐந்து ஏக்கருக்கும் பதினைந்து ஏக்கருக்கும் ஒன்று வரை அனுமதி. இதை நிறைவேற்றியது 2003இல் எதிரணியாக வென்று வந்த அதே குழு என்பதைக் கவனியுங்கள். ஐம்பது ஏக்கர் கனவு போயிற்று, ஆனால் கிடைத்தது நிலைத்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆப்பிளோ பூசணியோ பறிக்கப் போகும் மேற்கு லவுடன் இன்று இருப்பதில் அந்தச் சமரசத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குறையும் இருக்கிறது. சேர்த்துக் கட்டும் வீடுகள் பல இடங்களில் நல்ல மண்ணிலேயே வந்து உட்கார்ந்தன. செப்டிக்குக்கு வடியும் மண்தான் பயிருக்கும் பெரும்பாலும் நல்ல மண் என்பதால் இது நடக்கிறது. அந்த மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

பத்திரிகை அறிவிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பக்கத்துப் பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டியில், மனாசஸ் போர்க்களத் தேசியப் பூங்காவை ஒட்டி 2,100 ஏக்கருக்கு மேல் டேட்டா சென்டர்களுக்கு ஒதுக்கும் 'டிஜிட்டல் கேட்வே' திட்டத்தை, 2023 டிசம்பரில் ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்த கூட்டத்துக்குப் பிறகு அங்கிருந்த சூப்பர்வைசர்கள் நிறைவேற்றினார்கள். இரவெல்லாம் மக்கள் வரிசையில் நின்று பேசியும் பலனில்லை. 2025 ஆகஸ்டில் அந்தக் கவுன்ட்டியின் சர்க்யூட் நீதிமன்றம் அந்த ஸோனிங் செல்லாது என்றது. காரணம் அதேதான்: முறையாக அறிவிப்புக் கொடுக்கவில்லை. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. லவுடனில் குடிமக்களைத் தோற்கடித்த அதே சட்டப்பிரிவு இங்கே குடிமக்கள் கையில் ஆயுதமானது. அதனால்தான் இந்த வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, கோஷம் எழுதுவதற்கு முன் அறிவிப்பைப் படியுங்கள் என்று.

இப்போது விவசாயிகளின் தரப்பு. 2003 மாற்றத்தை எதிர்த்தவர்கள் எல்லாம் கட்டுமானக் கம்பெனிக்காரர்கள் இல்லை. அறுபது வயதுப் பண்ணைக்காரருக்கு பி.எஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது. நிலம்தான் அவருடைய சேமிப்பு. நூறு மனை போடலாம் என்ற நிலம் ஒரே இரவில் ஆறு மனை நிலமாகிவிட்டால் அவருக்கு நட்டம் நிஜமானது. கிழக்கிலிருந்து வந்து பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம், விலை அவர் தலையில் விழுகிறது. இதற்குப் பதில் இல்லாத எந்தக் குழுவையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

பொட்டோமேக் ஆற்றுக்கு அக்கரையில், மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்ட்டியில், அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். 1980இல் 93,000 ஏக்கரை, அதாவது கவுன்ட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, விவசாயக் காப்பு நிலமாக்கினார்கள். அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். ஆனால் முன்பிருந்த ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற கட்டும் உரிமையை விவசாயியிடமே விட்டுவைத்தார்கள். அந்த உரிமையை அவர் தன் நிலத்தில் பயன்படுத்தாமல் நகரப் பக்கம் கட்டுபவருக்கு விற்கலாம். வாங்கியவர் அங்கே கூடுதல் வீடுகள் கட்டலாம். நூறு ஏக்கர்காரருக்கு இருபது உரிமை, நிலமும் கையில், பணமும் கையில். இந்த வழியில் மட்டும் 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் காப்பு நிலம் நிற்கிறது. தடை போட்டதோடு நில்லாமல், வீடுகள் போய்ச் சேர ஓர் இடத்தையும் விவசாயிக்கு ஒரு விலையையும் சேர்த்தே கொடுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வர்ஜீனியாவில் கவுன்ட்டிகள் மாநிலம் கொடுத்த அதிகாரத்தை மட்டுமே பயன்படுத்த முடியும். கவுன்ட்டியில் நல்ல யோசனை இருந்தாலும் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சட்டம் இல்லையென்றால் எதுவும் நடக்காது. இங்கே நிலத்தைக் காப்பாற்றியது பெரும்பாலும் ஈஸ்மென்ட் முறைதான். இனி இதில் மனை போட மாட்டோம் என்று உரிமையாளரே எழுதிக்கொடுத்து வரிச் சலுகை வாங்கிக்கொள்வது. எழுதிக்கொடுத்தது அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்.

ஒரு திட்டத்தைத் தடுப்பது வேறு, வளர்ச்சியைத் திட்டமிடுவது வேறு. இதற்கு பிரின்ஸ் வில்லியம் கவுன்ட்டியின் ஹேமார்க்கெட்டைச் சொல்லலாம். 1993 நவம்பரில் டிஸ்னி நிறுவனம் அங்கே சுமார் 3,000 ஏக்கரில் அமெரிக்க வரலாற்றுப் பூங்கா கட்டப் போவதாக அறிவித்தது. மாநில அரசும் சாலைக்கும் மற்றவற்றுக்கும் 16 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பீட்மான்ட் கவுன்சிலும் நாட்டின் பெரிய வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1994 செப்டம்பரில் டிஸ்னி பின்வாங்கியது. மாபெரும் வெற்றி. ஆனால் அதே ஹேமார்க்கெட் சுற்றுவட்டாரம் இன்று வீடுகளால் நிறைந்திருக்கிறது. பூங்கா வராமல் தடுத்தார்கள், வீடுகள் எங்கே எப்படி வரவேண்டும் என்பதை எழுதி வைக்கவில்லை.

இப்போது உங்கள் மனசாட்சிக் கேள்வி. மேற்கில் கட்டாதே, கிழக்கிலும் கட்டாதே என்று சொன்னால் மக்கள் காணாமல் போவதில்லை. மலை தாண்டி மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்ல்ஸ் டவுன் பக்கம் வீடு வாங்கி, தினமும் அதே மேற்கு லவுடன் சாலை வழியாக வேலைக்கு வருகிறார்கள். காலை ஏழு மணிக்கு ரூட் 9இல் நின்று பார்த்தால் தெரியும். பள்ளி ஆசிரியர், நர்ஸ், தீயணைப்பு வீரர் எல்லாம் தாங்கள் வேலை பார்க்கும் ஊரில் குடியிருக்க முடியாமல் போவது பொறுப்பான வளர்ச்சி ஆகாது. 2022 நவம்பரில் சில்வர் லைன் மெட்ரோ ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது. அந்த நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடி வரட்டும், நடுத்தரச் சம்பளக்காரருக்குக் கட்டுபடியாகும் வீடு வரட்டும் என்று கேட்கும் குழு, மேற்கே வேண்டாம் என்று சொல்ல முழுத் தகுதி உள்ள குழு. மெட்ரோ பக்கத்து மாடி வீட்டையும் எதிர்த்துவிட்டு மேற்கு வயலுக்காகவும் கண்ணீர் விடுபவர்கள்தான் கதவைச் சாத்துபவர்கள். நீங்கள் புதிதாக வந்தவர் என்பது குறையே இல்லை. இங்கே வரி கட்டுகிறீர்கள், இந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள்.

அடுத்து செய்ய வேண்டிய வேலை. முதலில் அந்த நிலத்தின் இன்றைய ஸோனிங் என்ன என்று கவுன்ட்டியின் இணைய வரைபடத்தில் பாருங்கள். விண்ணப்பம் ஸோனிங்கை மாற்றக் கேட்கிறதா, அல்லது ஏற்கெனவே உள்ள விதிப்படியே 'பை-ரைட்'டாகக் கட்டுகிறார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்கும் போராட்டங்கள் வீணாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பை-ரைட் என்றால் வாக்கெடுப்பே கிடையாது. ஆயிரம் கையெழுத்தானாலும் கவுன்ட்டியால் மறுக்க முடியாது. அப்போது செப்டிக் அனுமதி, சாலையில் சேரும் வாசல், மழைநீர் வடிகால் ஆகியவற்றில்தான் கவனம் வைக்க வேண்டும். ஸோனிங் மாற்றம் என்றால் சூப்பர்வைசர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியும். உங்கள் குரலுக்கு எடை அங்கேதான்.

டேட்டா சென்டர்கள் விஷயத்தில் இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். ஆஷ்பர்னில் பல இடங்களில் அவை பை-ரைட்டாகவே எழும்பின. வீடுகளுக்குப் பக்கத்திலேயே வந்த பிறகுதான் சத்தத்தைப் பற்றியும் மின்கம்பிகளைப் பற்றியும் மக்கள் பேசினார்கள். 2025 மார்ச்சில்தான் கவுன்ட்டி அந்த பை-ரைட் உரிமையை நீக்கியது. இனி ஒவ்வொன்றும் சூப்பர்வைசர்களிடம் போக வேண்டும். அதற்குள் கட்டியது கட்டியதுதான்.

ஸோனிங்குக்கும் மேலே முழுமைத் திட்டம் இருக்கிறது, நம்மூர் மாஸ்டர் பிளான் மாதிரி. லவுடனின் இப்போதைய திட்டம் 2019 ஜூனில் நிறைவேறியது. உங்கள் ஆல்டியை ஒட்டி, கிழக்கின் நெருக்கமான குடியிருப்புகளுக்கும் மேற்கின் வயல்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் எத்தனை வீடு என்பதுதான் அப்போது பெரிய சண்டை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தத் திட்டத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது வர்ஜீனியா சட்டம். அந்தப் பரிசீலனைக் கூட்டங்களுக்கு ஆளே வருவதில்லை. புல்டோசர் வந்த பிறகு கூட்டம் நிரம்பி வழிகிறது. திட்டத்தில் ஒரு வாசகம் மாறும்போது பேசும் பத்துப் பேர், கடைசிக் கூட்டத்தில் பேசும் ஐந்நூறு பேரைவிட அதிகம் சாதிக்கிறார்கள்.

கூட்டத்தில் பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். முன்னால் இருக்கும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பானதும் நிறுத்த வேண்டும். "எங்கள் அமைதியான வாழ்க்கை கெடும்" என்று பேசி நேரத்தைச் செலவழிக்காதீர்கள், எல்லோரும் அதையே சொல்வார்கள். கவுன்ட்டி ஊழியர்கள் தயாரித்த அறிக்கை கூட்டத்துக்கு முன்பே வெளியாகும். அதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக் கணக்கு எந்த மாதத்தில் எடுத்தது, பள்ளி விடுமுறையில் எடுத்ததா? அந்த ஒரு கேள்வி போதும். ஒருமுறை ஒரு மூதாட்டி தன் கிணற்றின் நீர்மட்டத்தை வருடவாரியாக நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். அன்று முழுவதும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த நோட்டின் நகல் கிடைக்குமா என்று கேட்டார்.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஹெச்-1பி ஆனாலும் கிரீன் கார்டு ஆனாலும் பெயரையும் எந்தப் பகுதி என்பதையும் சொல்லிவிட்டுப் பேசலாம், மின்னஞ்சல் எழுதலாம். ஓட்டுக்கு மட்டும்தான் குடியுரிமை. சூப்பர்வைசர்கள் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2023க்குப் பிறகு அடுத்தது 2027 நவம்பர். பிரச்சாரத்துக்கு உங்கள் கதவைத் தட்டும் வேட்பாளரிடம், மெட்ரோ நிலையத்தைச் சுற்றி எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுப்பீர்கள், மேற்கில் எத்தனைக்கு மறுப்பீர்கள் என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.